வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

பேருந்து நிலையத்தில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால், கூட்டத்திலிருந்து ஒரு சாவிக்கொத்து நீளும். அதைக் கையில் திணித்த இரண்டொரு நிமிடத்தில் வெட்டு நிற்கும். பெயர் இரும்புக்குப் போய்விடும். பெரும்பாலான வலிப்புகள் சாவி இல்லாவிட்டாலும் அதே நேரத்தில் தாமாக அடங்குபவைதான். ஐந்து நிமிடம் தாண்டியும் அடங்காத வலிப்புதான் ஆபத்தானது. அதற்கான மருந்து மருத்துவமனையில் மட்டும் இருந்தால் போதாது, நோயாளியின் வீட்டிலும் பள்ளியிலும் இருக்க வேண்டும்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வலிப்பின்போது நரம்பணுக்கள் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தை அளவுமீறிக் கொட்டுகின்றன. அது பக்கத்து அணுக்களையும் தூண்டிவிடுகிறது. கொட்டியதை ஆஸ்ட்ரோசைட் செல்கள் உறிஞ்சி குளுட்டமினாக மாற்ற வேண்டும். அதற்கும் ஆற்றல் செலவாகும். தூண்டுதலை அடக்கும் காபாவும் இதே குளுட்டமேட்டிலிருந்து, பி6 வைட்டமின் துணையோடு உருவாவதுதான் விந்தை. முதலில் ரத்த ஓட்டம் கூடி, தேவை ஓரளவு ஈடாகிறது. நீடித்தால் லாக்டேட் சேர்கிறது, அணுக்களுக்குள் கால்சியம் புகுகிறது, அவை மடியத் தொடங்குகின்றன. கூடவே, காபாவை வாங்கும் ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. டயஸெபாம், மிடஸோலம் போன்ற மருந்துகள் வேலை செய்வதே அந்த ஏற்பிகளின் வழியாகத்தான். தாமதித்தால் மருந்துக்கும் பலன் குறையும்.

மூச்சுத் திணறலால்தானே மூளை கெடுகிறது என்று கேட்கலாம். பிரையன் மெல்ட்ரம் குழு 1973இல் பபூன் குரங்குகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்து, செயற்கை சுவாசம் கொடுத்தபடியே நீண்ட வலிப்பை உண்டாக்கியது. சேதம் குறைந்தது, மறையவில்லை. நரம்பணுக்களின் ஓயாத இயக்கமே அவற்றைக் கொல்லும் என்று இதிலிருந்து தெரிந்தது. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015இல் வகுத்த வரையறையும், உடல் முழுதும் வெட்டும் வலிப்பில் 5 நிமிடத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும், 30 நிமிடம் தாண்டினால் நீண்டகாலப் பாதிப்பு வரலாம் என்கிறது.

வீட்டில் மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் 2001இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆம்புலன்ஸ் ஆய்வில், மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 22.5 சதவீதத்தினருக்கும் வந்தன. அடங்காத வலிப்புதான் மூச்சுக்குப் பெரிய எதிரி. அங்கே ஊசி போட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பது உண்மை. மூக்கில் அடிக்கும் மிடஸோலம் ஸ்பிரேவுக்கோ ரத்தக் குழாய் தேட வேண்டியதில்லை. எடைக்கேற்ற அளவையும், எத்தனையாவது நிமிடத்தில் அடிக்க வேண்டும் என்பதையும் மருத்துவர் சீட்டிலேயே எழுதி, வீட்டாருக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் போதும்.