நாலு கிலோமீட்டர்தான் மேட்டர்!

தாம்பரம் லைன் மக்களே! பேகை முன்னாடி மாட்டிக்கிட்டு, கூட்டத்துல நசுங்கி நிற்கிறப்போ ரயில் நடுவழியில நின்னா யாரைத் திட்டுவீங்க? டிரைவரையா? பாவம், அவரை விட்டுடுங்க. பாதை காலியா இருந்தால்தானே அவர் போக முடியும்!

பீச் - எழும்பூர் நடுவே ரொம்ப காலமா இருந்தது 3 பாதைதான். ரெண்டு நம்ம மின்சார ரயிலுக்கு. மூணாவது எக்ஸ்பிரஸுக்கும் கூட்ஸுக்கும். போறதுக்கும் வர்றதுக்கும் அந்த ஒரே பாதைதான்! எதிர்ல ஒண்ணு வந்தா இன்னொண்ணு காத்துக் கிடக்கணும். இல்லைன்னா நம்ம பாதைக்குள்ள மூக்கை நுழைக்கணும்.

அதுக்குத்தான் 4-வது பாதை. நீளம் வெறும் 4.3 கிலோமீட்டர். ஆனா இடம் வேணுமே! அதனால 2023 ஆகஸ்ட் 27-லேர்ந்து பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திட்டாங்க. 7 மாசம்னு சொன்ன வேலை 14 மாசம் இழுத்தது. 2024 அக்டோபர் 29-ல்தான் பறக்கும் ரயில் மறுபடி பீச்சைத் தொட்டது. அதுவரைக்கும் பஸ்ஸுக்கு ஓடி, முதல் பீரியடைக் கோட்டைவிட்டவங்க எத்தனை பேர்!

ஒரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ். பாதை கூடினா லோக்கல் ரயிலும் தானா கூடிடாது. கிடைச்ச இடத்தை எக்ஸ்பிரஸுக்கும் கொடுக்கலாம், நமக்கும் கொடுக்கலாம். அதை முடிவு பண்றது கால அட்டவணை. அடுத்த அட்டவணை வந்ததும் காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை எத்தனை ரயில்னு எண்ணிப் பாருங்க. கூடலையா? ஒரு மனு, கீழே வகுப்பு மொத்தமும் கையெழுத்து!

14 மாசம் அலைஞ்சவங்க நீங்க. கணக்கு கேட்கிறதும் நீங்களா இருக்கட்டுமே!