கேட்பவரை விரட்டாதீர்கள், பதில் சொல்லுங்கள்

2024 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு செய்தி இங்கே வாட்ஸ்அப் குழுக்களில் தீயாகப் பரவியது. தன் கொரோனா தடுப்பூசி மிக அரிதாக ரத்த உறைவையும் தட்டணுக் குறைவையும் ஒருசேர உண்டாக்கக்கூடும் என்று அஸ்ட்ராஜெனிகா நிறுவனம் அந்நாட்டு நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. புனேயில் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரானது அதே தடுப்பூசிதான். இந்தியாவில் போடப்பட்ட கொரோனா ஊசிகளில் பெரும்பங்கும் அதுவே. ஊசி போட்டு மூன்று ஆண்டுகள் ஆனவர்கள்கூட, தங்களுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார்கள்.

பயந்தவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் அது 2024இல் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் அல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்றே இதை மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்துவிட்டது. பிரிட்டன் அதே நாளில் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், அடுத்த மாதம் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வேறு தடுப்பூசி தருமாறு பரிந்துரைத்தது. நமது மத்திய சுகாதார அமைச்சகமும் மே 17 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ரத்த உறைவு என்று கருதத்தக்க 26 பேரின் பாதிப்புகள் தெரியவந்துள்ளன, கோவிஷீல்டைப் பொறுத்தவரை இது 10 லட்சம் ஊசிக்கு 0.61 என்ற அளவு, ஊசி போட்ட 20 நாட்களுக்குள் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றது அந்த அறிக்கை.

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற வேளையில் அந்த அறிக்கையை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவர் கையிலும் அந்த நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால், மூன்று ஆண்டு கழித்து அதுவே அம்பலமான ரகசியம்போல் வந்து சேர்ந்திருக்காது. இந்தப் பாதிப்பு வருவதானால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிடும் என்பதையும் மக்கள் அப்போதே தெரிந்துகொண்டிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் தடுப்பூசி பற்றிய அச்சம் ஒரு மரணத்தோடு பிணைந்தது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மற்றவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகக் கேமராக்களின் முன்னால் கோவேக்சின் என்ற வேறொரு கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை அவர் இறந்துவிட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலரும் 16ஆம் தேதியே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தடுப்பூசியைப் பழித்துப் பேசிய நடிகர் மன்சூர் அலிகான் மீது வழக்குப் பாய்ந்தது. முன்ஜாமீன் தந்த சென்னை உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாயை அரசுக்குச் செலுத்துமாறு உத்தரவிட்டது.

ஆதாரமில்லாமல், அதுவும் கொள்ளைநோயின் நடுவே அப்படிப் பேசியது தவறுதான். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு நடிகருக்கு மட்டும் வந்ததில்லை. டீக்கடையிலும் பேருந்திலும் பேசப்பட்டது அதுதான். ஊசிக்குப் பின் நேரும் பாதிப்புகளையும் மரணங்களையும் ஆராய்வதற்கென்றே அமைந்த குழு, விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று சொன்ன செய்தி அக்டோபரில்தான் வெளியே வந்தது. வழக்கு சில நாட்களில் வந்துவிட்டது, முறையான விளக்கம் வர ஆறு மாதம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தை வதந்திதான் நிரப்பியது.

இத்தனைக்கும் அரசின் கையில் வலுவான விடை இருந்தது. 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை தமிழகக் காவல் துறையினரிடையே நேர்ந்த கொரோனா மரணங்களைச் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. இரண்டு தவணையும் போட்டிருந்த 67,673 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர்தான், அவர்களில் இறந்தவர்களோ 20 பேர். நம் ஊர்க் காவலர்களின் கணக்கு இது. ஆயிரம் விளம்பரத்தைவிட இந்த மூன்று வரி ஊர்ஊராகப் போயிருக்க வேண்டும்.

கேள்வியை எதிர்ப்பாகப் பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2020 நவம்பரில், கோவிஷீல்டு பரிசோதனைக்குத் தன் உடலைக் கொடுத்த சென்னைவாசி ஒருவர், ஊசிக்குப் பின் நரம்பியல் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார். பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மறுக்க, கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அது அதோடு நிற்காமல், 100 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுப்போம் என்று எச்சரித்தது. தன்னார்வலராக முன்வந்த ஒருவரிடம் பேசவேண்டிய முறை இதுவல்ல. கோவேக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருமுன்பே 2021 ஜனவரி 3 அன்று அதற்கு அனுமதி தரப்பட்டபோதும், காரணத்தைக் கேட்ட விஞ்ஞானிகளை நாட்டுப்பற்று இல்லாதவர்கள்போல் நடத்தினார்கள்.

கட்டுப்பாடுகளின் கதையும் இதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. நோயைத் தடுக்க வந்த விதி, லத்தியின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் அன்று பார்த்தது. 2021 இறுதியில் ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் அனுமதிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மதுரையில் உணவகம், வணிக வளாகம் என்று தடை விரிந்தது.

அதே ஆண்டில் வேறொரு வழியும் இங்கே நடந்து காட்டப்பட்டது. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குச் சிலர் வரத் தயங்கினார்கள். கறி சாப்பிட்டால், மது குடித்தால் ஊசி போடக் கூடாது என்று நம்பியதுதான் காரணம். அரசு அவர்களைக் கேலி செய்யவில்லை, மிரட்டவும் இல்லை. முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டறிந்து அதற்கேற்ப வேலை செய்த நிர்வாகம் அது. அந்த நிர்வாகத்துக்கு மதுரைத் தடை தேவையே இல்லை.

தடுப்பூசியைக் கேள்வி கேட்பது இம்மண்ணுக்குப் புதிதும் அல்ல. காசநோய்க்கான பிசிஜி ஊசியைப் பெருந்திரளாகப் போடுவதை எதிர்த்து 1955இல் ராஜாஜி பிரசாரமே செய்தார். கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் அரசு ஆய்வகம் இயங்கிக்கொண்டிருந்த காலம் அது. எதிர்த்தவரோ ஓராண்டுக்கு முன்வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் பிசிஜி முறைப்படி சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. விரும்பிய விடை வரவில்லை, ஆனாலும் வெளியிட்டார்கள். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து காப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது. உண்மையைச் சொன்னதால் பிசிஜி அழிந்துபோகவில்லை.

உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 அன்று ஏறத்தாழ இதையே சொன்னது. மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த அந்த வழக்கில் தமிழ்நாட்டின் கட்டுப்பாடுகளும் விசாரணைக்கு வந்தன. அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை என்று ஏற்ற நீதிபதிகள், யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது, ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்குச் சிவில் நீதிமன்றம் போகலாம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கைவிரித்தது. பிரிட்டனில் 1979 முதலே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஊசியால் கடும் ஊனமுற்றவருக்கு அங்கே 1,20,000 பவுண்டு கிடைக்கிறது.

ஊருக்காக ஊசி போட்டுக்கொண்டு பாதிக்கப்பட்ட ஒருவரை நீதிமன்றப் படியேற விடுவது அரசுக்கு அழகல்ல. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் பாதிப்புக் கணக்கைத் தமிழில், மாவட்டவாரியாக, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலேயே சுகாதாரத் துறை ஒட்டட்டும். ஊசிக்குப் பின் நேரும் மரணத்தை ஆராயும் குழு தன் முடிவை எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்று கெடு வைக்கட்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. வாரந்தோறும் நம் குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளிலிருந்தே தொடங்கலாம்.