குஞ்சியம்மாவும் செல்பியும்

விருது பெற்ற மொழிபெயர்ப்பொன்றைப் புகழ வந்தவர், போகிற போக்கில் ஒரு வசனம் விட்டிருக்கிறார். ஆங்கிலத்தின் ‘ஈ’ விகுதி தரும் செல்லம் தமிழுக்கு வாய்க்கவில்லையாம். எங்கள் மொழிபெயர்ப்புகள் விறைத்துக் கிடப்பது அதனாலாம். விருதோடு நமக்கு வழக்கில்லை. வசனத்தோடு இருக்கிறது.

அவர் காட்டும் சான்று செல்பி. 2013 இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தது. கிடைத்த முதற்பதிவு 2002 இல் ஓர் அவுஸ்திரேலியருடையது. நுளம்பை மொஸி என்றும் தபாற்காரரைப் போஸ்டி என்றும் காலைச் சாப்பாட்டைப் பிரெக்கி என்றும் கூப்பிடுகிற நாடு அது. மெல்பேர்னுக்குப் போன எங்கள் சனம் இரண்டு வருசத்தில் அப்படியே பேசத் தொடங்கிவிடுகிறது. தமிழிலோ தற்படம், சுயமி, தாமி என்று அடுத்தடுத்து வந்தன. மூன்றிலும் ‘தான்’ இருக்கிறது, இளிப்பு இல்லை. இதை மொழியின் குறை என்கிறார் அவர். சொல் செய்தவர்களின் குறை என்கிறோம்.

1936 இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் கூடிய சொல்லாக்க மாநாட்டை நினைத்தால் இன்றும் நமக்கு உடம்பு சிலிர்க்கும். அவர்கள் விஞ்ஞானத்துக்குச் சொல் தேடினார்கள். அங்கே செல்லத்துக்கு வேலையில்லை. பின்வந்த கந்தோர்த் தமிழ்தான் அதே விறைப்பைத் தெருவுக்கும் இறக்கியது. நீர்கொழும்பு வீதியில் நின்று ‘முச்சக்கரவண்டி’ என்று கூப்பிட்டவரை வத்தளையில் நாம் கண்டதில்லை. ஓட்டோ என்றால் நிற்கும்.

அந்த ‘ஈ’ என்ன இங்கிலாந்தின் சீதனமா? லாஸி, லாடி என்று ஸ்கொட்லாந்துக்காரர் பழக்கிவிட்டது. அவர்கள்தான் எங்கள் மலைகளுக்கும் வந்தார்கள். 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெயிலரும் அந்த ஊரவரே. ஆனால் தோட்டத்து உதவித் துரையை அழைக்க ஊர் விகுதி உதவவில்லை. தொழிலாளர் வாயிலிருந்த ‘சின்னத்துரை’யையே துரைமாரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் இருப்பது படிநிலை, செல்லமல்ல என்று மார்க்சிய நண்பர் சொல்வார். ஒத்துக்கொள்கிறோம். சிறுமைச் சொல் யார் வாயில், யாரைப் பார்த்து என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது. விகுதியைப் பிடுங்கி மேசையில் வைத்து ஆராயும் அமைப்பியல்காரருக்கு இது பிடிபடாது.

வீட்டுக்குள் பார்த்திருக்கலாம். யாழ்ப்பாணத்துக் குஞ்சியம்மா, குஞ்சியப்பு: சிறுமையை முன்னால் வைக்கிறோம். பின்னால்தான் வேண்டுமென்றால் அக்காச்சி இருக்கிறாள். இளமைப் பெயர் மட்டும் ஒன்பது எண்ணுகிறது தொல்காப்பிய மரபியல். பறழ் எதற்கு, குருளை எதற்கு, மறி எதற்கு என்று அந்தக் கிழவனார் பிரித்துக்கொண்டே போவதை ஒரு மழை இரவில் வாசித்துப் பாருங்கள். ‘ஈ’ ஏழையாகத் தெரியும்.

இதை எழுதும்போது பழைய புண்ணொன்றும் நோகிறது. எமது இதழில் வந்த கதையொன்றில் கிழவி பேரனை “என்ர குஞ்சு” என்பாள். கடலுக்கு அப்பால் மறுபிரசுரம் செய்தவர்கள் அதைக் ‘கண்ணே’ ஆக்கினார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருளாம். எங்கள் கிழவிக்கு அது தெரியாது. அடுத்த இதழில் கதையைத் திரும்பவும் போடுகிறோம், குஞ்சோடு.