வளர்ப்பின் மேல் போடும் பழி

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் ஒரு சமூக மன்றத்தில் அண்மையில் நடந்த காதணி விழாவில், மருத்துவப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்துவிட்டு, மேற்படிப்பாகக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உரிய மனநல வைத்தியத்தையே எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்ன எங்கள் அடுக்குமாடிப் பெண் ஒருத்தியை, கூடியிருந்த உறவினர் அனைவரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். “பிள்ளைங்களுக்கு என்னம்மா பைத்தியம் பிடிக்கப்போவுது? வளர்க்கிறவங்க ஒழுங்கா வளர்த்தா எல்லாம் சரியா இருக்கும். பேசாம இருதய டாக்டருக்குப் படி” என்று ஒரு பெரியவர் தீர்ப்பளித்தார். “அப்படி இல்லீங்க பெரியப்பா” என்று அவள் தொடங்கியதை யாரும் காதில் வாங்கவில்லை. பந்தியில் இருந்தவர்கள், அவர்களிலே படித்துப் பட்டம் பெற்றவர்கள் உட்பட, தலையசைத்தார்கள். பெரியவரின் பேச்சைவிட அந்தத் தலையசைப்புத்தான் என் மனத்தை அறுக்கிறது.

பாலியத்தில் மனோவியாதி என்பதே கிடையாது, இருப்பதெல்லாம் செல்லமும் திமிரும் தாயின் கவனக்குறைவுமே என்னும் இந்த அபிப்பிராயம் நம்மவரிடையே வேதவாக்காக நிலைபெற்றுவிட்டது. அதற்குத் துணையாக “அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்” என்ற பழமொழி ஒன்றும் கையில் தயாராக இருக்கிறது. வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாத சிறுவனுக்கும், பள்ளிக்கூட வாசலை மிதித்தவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கும் சிறுமிக்கும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத மழலைக்கும் நம்மிடம் உள்ள ஒரே மருந்து பிரம்பு. ஒரே நோய்க்காரணம் அம்மா.

அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்த வழக்கு, மருத்துவ உலகில் ஏற்கெனவே விசாரிக்கப்பட்டுத் தள்ளுபடியான வழக்கு என்பதை நம்மவர் அறிய வேண்டும். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் என்று இன்று நாம் அழைக்கும் நிலையை விவரித்தார். அதன்பின் பல ஆண்டுகள், மேதைகள் எனப் பெயர் பெற்றவர்களே, அன்பில்லாத தாய்மார்களால்தான் குழந்தைகள் இப்படி ஆகிறார்கள் என்று எழுதிக் குவித்து, ஒரு பாவமும் அறியாத பெண்களைத் தலைகுனிய வைத்தார்கள். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கேனும் ஆட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே அது இருந்தது. இரு வேறு கருவிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை.

இரட்டையரைக் கேளுங்கள் என்றுதான் அந்தப் பெரியவருக்கு நான் சொல்வேன். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தாலாட்டு. வளர்ப்புத்தான் காரணமென்றால் ஒரு பிள்ளைக்கு வந்தது கூடப் பிறந்த பிள்ளைக்கு ஏன் வரவில்லை? ஒரே கருவில் உதித்தவர்களை மட்டும் அது ஏன் சேர்ந்து தொட்டது? அந்தத் தாய் ஒரு பிள்ளையை மட்டும் கெட்ட முறையில் வளர்த்தாளா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் பிரம்பை எடுக்கட்டும்.

இனி அந்தப் பெண் படிக்கப்போகும் படிப்பின் விஷயம். சிங்கப்பூரில் மனநல மருத்துவச் சிறப்புப் பயிற்சி மட்டுமே 5 ஆண்டு; பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில், எம்.டி. முடித்த பிறகு குழந்தைகள் மனநலத்துக்கென்றே மேலும் 3 ஆண்டு டி.எம். படிப்பு உண்டு. பிள்ளையோடு சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு இத்தனை வருஷமா என்று கேட்பவர்கள், அந்த அறையில் நடப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் காய்ச்சல் கண்டதா, பிறந்தவுடன் குழந்தை அழுததா, எந்த மாதத்தில் தவழ்ந்தது, முதற்சொல் எப்போது என்று தாயிடம் விசாரிப்பார்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்வார்கள். கேட்காத பிள்ளைதான் கீழ்ப்படியாத பிள்ளையென்று அடிவாங்குகிறது. பாடம் நடக்கையில் சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் சிறுமிக்கு இருப்பது கவனக்குறைவா, ஒருவகை வலிப்பா என்று பிரித்தறிவார்கள். மருந்து கொடுத்தால் வருகைதோறும் உயரம், எடை, நாடித்துடிப்பு ஆகியவற்றைக் குறித்து, வளர்ச்சி குன்றுகிறதா என்று பார்ப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை தன் துயரத்தை வார்த்தையில் சொல்லாது. வயிற்றுவலியாகவும் கோபமாகவும் தூக்கமின்மையாகவும்தான் சொல்லும். அதை அறிவதற்கே ஒரு சாஸ்திரம் வேண்டியிருக்கிறது.

வாழ்நாளில் வரும் மனோவியாதிகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்பது உலகறிந்த செய்தி. நம் மனநலக் கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் கடுமையான மனச்சோர்வோ பதற்றமோ மன உளைச்சலோ உடையவராய் இருந்ததாகச் சொல்லிற்று. 10 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்குச் சிங்கப்பூரில் தலையாய காரணம் தற்கொலை. இவ்வளவு பேரையும் ஒழுங்காக வளர்க்காதவர்கள் யார்? மூன்று வீட்டுக்கு ஒரு வீடு கெட்ட வளர்ப்பா? பள்ளிகளுக்கே சென்று பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவ 2007-இல் ரீச் என்னும் திட்டத்தை அரசு தொடங்கிற்று. வீட்டிலே நாமோ கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறோம்.

இருதய வைத்தியம் படித்தவருக்கு விவாகச் சந்தையில் கிடைக்கும் கௌரவம் மனநல வைத்தியருக்கு இல்லை என்பதும் இந்தத் தப்பெண்ணத்தின் இன்னொரு முகமே. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக வாரத்தில் நாலு துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டும் தகப்பனார், பிள்ளை இரவில் உறங்குகிறானா என்று கேட்பதில்லை. மதிப்பெண் குறைந்தால் மட்டும் சிராங்கூன் சாலையில் ஜோதிடரிடம் ஜாதகத்தைக் காட்டிக் கிரகத்தின் மேல் குற்றம் சொல்கிறார். தமிழ் சினிமாவோ, மனநோயாளியைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருக்கிறது. சென்னையில் மனநல மருத்துவமனை உள்ள கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைச் சொன்னாலே திரையரங்கில் சிரிப்பு எழுகிறது. வைத்தியத்தை விட்டுச் சங்கிலியை நம்பிய சமூகத்தின் கதி என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் தமிழகத்தின் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் பார்த்தோம். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓடித் தப்ப முடியாமல் நெருப்பிலே சிக்க, 28 பேர் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளைப் பிராயத்திலேயே நோயின் முதற்குறி தோன்றியிருக்கும், எத்தனை பேருடைய வீட்டில் அதைத் திமிர் என்று அடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு பதைக்கிறது.

தமிழகத்திலே, பெண் மருத்துவர்களே அரிதாயிருந்த காலத்தில் மனநல வைத்தியத்தைத் தேர்ந்துகொண்டு, 1961-இலிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆய்வு அமைப்பையும் நிறுவிய சாரதா மேனனை, இருதய வைத்தியம் படியென்று யாரேனும் தடுத்து வென்றிருந்தால் நஷ்டம் யாருக்கு? தமிழிலேயே அழுகின்ற பிள்ளைக்கும், தமிழிலேயே தன் வேதனையைச் சொல்லத் தெரிந்த பாட்டிக்கும் தமிழ் அறிந்த மருத்துவர் இந்தத் துறையில் வேண்டும். ஆகவே பெரியவர்களே, இந்தப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். நோயுற்ற குழந்தையின் தாயைப் பழிக்காதீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை பேச்சைக் குறைத்து, உறக்கத்தைக் குறைத்து, உணவைக் குறைத்தால், பிரம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.