எல்லோரையும் கிண்டல் செய்தால் போதுமா?

‘அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான சவுத் பார்க் எல்லோரையும்தான் கிண்டல் செய்கிறது, அதனால் அதில் வரும் இனவசைச் சொல்லும் வெறும் சொல்தான்’ என்கிறார் நண்பர். ஆதாரமாக அவர் காட்டுவது 2007இல் வந்த, கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் பெயர் தாங்கிய அத்தியாயத்தை. அதை அவர் சரியாகப் பார்த்தாரா?

சொல் கண்டுபிடிக்கும் தொலைக்காட்சிப் போட்டியில், தொடரின் பாத்திரமான ராண்டி நிற்கிறான். பலகையில் ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி. குறிப்பு: எரிச்சலூட்டும் மனிதர்கள். நேரம் ஓடுகிறது. நேரலையில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லையே சொல்லிவிடுகிறான். சரியான விடையோ ஓர் எழுத்து மட்டுமே வேறுபடும் ‘நேகர்ஸ்’, அதாவது நச்சரிப்பவர்கள்! பிறகு ஊரார் அந்தச் சொல்லைச் சேர்த்தே அவனை அழைக்க, வெள்ளையனான அவன் வலிக்குச் சட்டமே வருகிறது. கறுப்பினச் சிறுவன் டோக்கனுக்கோ எதுவும் மாறவில்லை. அவனிடம் ராண்டியின் மகன் ஸ்டான் திரும்பத் திரும்ப ‘எனக்குப் புரிகிறது’ என்கிறான். கடைசியில் ‘எனக்குப் புரியவேயில்லை’ என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் டோக்கன் சமாதானமாகிறான்.

அந்தச் சொல்லைத் தணிக்கையின்றிப் பலமுறை ஒலிக்கவிட்ட அத்தியாயம்தான். ஆனாலும் வலியை அளக்கும் உரிமையை அது டோக்கனிடமே விட்டது. ‘வெறும் சொல்’ என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அந்தத் தொடர் எப்போதும் இப்படி யோசித்ததில்லை. 2009இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஓரினச்சேர்க்கையாளர்களைத் திட்டும் சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டதாகச் சிறுவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களின் உரிமைக்காகக் குரல்கொடுக்கும் ‘கிளாட்’ அமைப்பு கண்டித்தது, நியாயமான கண்டனம். நண்பரின் வாதத்துக்குப் பொருந்துவது அந்த அத்தியாயம்தான். அதை ஆதரித்து எழுதட்டும், பதில் சொல்கிறேன். டோக்கனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.