அடிபட்ட முழங்கையை உருவி விடாதீர்கள்!
சைக்கிளிலிருந்து விழுந்த பையனாகட்டும், மணப்பாறைச் சந்தையில் மாடு தள்ளிவிட்ட பெரியவராகட்டும், முழங்கை வீங்கினால் வீட்டில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம்தான். 'நல்லா உருவி விடுங்க, சரியாப் போயிடும்' என்பார்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், வேண்டாம்!

எங்கள் தொக்கணம் உயர்ந்ததுதான். ஆனால் அதற்கும் காலம் உண்டு. ரத்தம் கட்டிய சதையை அழுத்தித் தேய்த்தால், சதைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். 3, 4 வாரம் கழித்துத்தான் அது எக்ஸ்ரேயில் தெரியும். அந்த எலும்பு நரம்பை நெருக்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும், கைப்பிடி தளரும்.

அடிபட்டவுடன் கையைத் துணியால் கழுத்தோடு தொங்கவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும். எலும்பு முறிவு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். விரல் மரத்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தைலம் எங்கேயும் ஓடிவிடாது!