உம்மணாமூஞ்சி என்றொரு தீர்ப்பு

அத்தை இறந்த வீட்டில் அப்பா அழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இமைகூடக் கொட்டாமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்தவ போயிட்டா, கல்லு மாதிரி உக்காந்திருக்கான் பாரு" என்று பெரியப்பா சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. அப்பா காதிலும்தான். பார்க்கின்சன் வந்து அப்போது நான்கு வருடம். நான் பெரியப்பாவை மறுக்கவில்லை. உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன். இந்தக் கட்டுரையின் கோபத்தில் பாதி என்மேல்தான்.

நமக்குப் பார்க்கின்சன் என்றால் நடுங்கும் கை. ஆஸ்பத்திரியிலும் அதுதான்: கையை மூடித் திறங்க, எந்திரிச்சு நடங்க, திரும்புங்க. முகத்துக்கும் ஒரு மார்க் உண்டு, அத்தோடு சரி. "வீட்ல மத்தவங்களோட எப்படி இருக்கார்?" என்று இத்தனை வருடத்தில் யாரும் எங்களைக் கேட்டதில்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரை வைத்துத் தன் கட்டுரையை எழுதியபோதே, புலனும் அறிவும் கெடுவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி!

டோபமின் குறைந்தால் முகத்தசைகளும் மந்தமாகும். கொடுமை என்னவென்றால், ஃபோட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் பலர் ஓரளவு சிரித்துவிடுவார்கள். தானாக வரும் சிரிப்புதான் அதிகம் அடிவாங்குகிறது. பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? 'மனசு வெச்சா சிரிக்கிறாரு, நம்மகிட்டதான் உம்முனு இருக்காரு.' சிகிச்சை தருகிற நிபுணர்களே இறுகிய முகத்தைப் பார்த்து ஆளின் குணத்தைத் தப்பாக எடைபோடுவதை லிண்டா டிக்கிள்-டெக்னன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியிருக்கிறார். படித்தவர்கள் கதியே இது. பெரியப்பாவை என்ன சொல்ல?

இதையெல்லாம் படித்ததும் ப்ரோக்ராமர் புத்தி எனக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. மானிட்டர்தான் போச்சு, சிபியு நல்லா ஓடுது. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். 'உள்ளே அவர் அப்படியேதான் இருக்கிறார்' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்வது இதைத்தான். கேட்க இதமாக இருக்கும் பாதிப் பொய்.

ஒருநாள் அம்மா கையைச் சுட்டுக்கொண்டு குழாயடியில் நின்றாள். அப்பா உள்ளே வந்து, "காபி ஆச்சா?" என்றார்.

"என் மூஞ்சியப் பாத்தா தெரியலயாங்க?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. மூளையின் அடித்திரள்கள் கைகாலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. முன்மூளையோடும் அவற்றுக்குத் தொடர்பு உண்டு. அதனால் இந்த நோயில் பலருக்கு, எல்லோருக்கும் அல்ல, மற்றவர் முகத்தில் கோபத்தையும் வேதனையையும் படிப்பது கடினமாகிறது. எதிராளி மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதும் தடுமாறுகிறது. ஹண்டிங்டன் நோயில் இன்னும் மோசம்: உடல் ஆட்டம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே எரிச்சலும் அக்கறையின்மையும் வந்துவிடலாம். அதற்குள் குடும்பம் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்து முடித்திருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல்தான் சமூக அறிதலை அறிதிறனின் ஆறு பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாம் நினைவாற்றலையே இன்னும் 'வயசாச்சுல்ல' என்று தள்ளிவிடுகிறோம்.

என் மானிட்டர் கதை அம்மாவுக்கு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், சுட்ட கையைப் பார்த்துவிட்டும் காபி கேட்டவர் வேண்டுமென்றே கேட்டவர் ஆகிவிடுகிறார். பெரியப்பா அப்பாவைக் கல் என்றார். நான் அதையே நாசூக்காக, விஞ்ஞானம் பேசிச் சொன்னேன். அம்மா அதை நம்பி ஒரு வருடம் அழுதாள்.

நாங்கள் கேட்காமலேயே இதை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை எழுதுகிற நேரம்கூட ஆகாது.

இப்போது அம்மா முகத்தை நம்புவதில்லை. வாயைத் திறந்து சொல்லிவிடுகிறாள்: "எனக்குத் தலை வலிக்குது, பக்கத்துல வந்து உக்காருங்க." சொன்னால் அப்பா எழுந்து வருகிறார். காலைத் தேய்த்துத் தேய்த்து, ஹாலைக் கடக்கவே இரண்டு நிமிடம். வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

பெரியப்பாவுக்கு நான் இன்னும் ஃபோன் செய்யவில்லை.